மேடும் பள்ளமும் வரைகிறவள்

6.1.2025, திங்கள்

நேற்று மூன்று ராஜாக்கள் பூசை. கோயிலிலிருந்து வந்து சோறு வடித்து இறக்கும்போது கிறிஸ்டினா போன் போட்டாள். அவளுக்கு அங்கே இன்னும் இருட்டு விலகவில்லை, எனக்கு உச்சி வெயில். கன்னம் ஒட்டியிருக்கிறது. கேட்டால் கேமரா அப்படிக் காட்டுகிறதாம்.

என் மகன் அந்தோணிக்கு ஒரே பெண். அவனும் மருமகளும் ஷிப்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த வருடங்களில் என் இடுப்பிலேயே வளர்ந்தவள். ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனாள். அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. போய் மூன்று வருடம் நாலு மாதம். ஒரு தடவைகூட வரவில்லை. கோல்ஃப் மைதானம் வரைகிற வேலை.

"ஆயா, ஒரு சேதி. நம்ம கும்மிடிப்பூண்டில கோல்ஃப் மைதானம் கட்டப்போறாங்க. எங்க கம்பெனியும் டிராயிங் குடுக்குது. நான்தான் வரையறேன்."

எந்த இடம் என்றேன். சிப்காட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி நூற்றைம்பது ஏக்கர் என்றாள். அந்த நிலத்தில்தான் நான் தினமும் காலை ஏழு மணிக்குக் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதைச் சொல்லவில்லை. போன ஐப்பசியில் முட்டி வீங்கிக் கிடந்தபோது, இனி வேலைக்குப் போகக்கூடாது என்று போனிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். சரி, விட்டுவிட்டேன் என்றேன். விடவில்லை. கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டால் நான் யார்?

இன்னொரு கம்பெனியும் வரைகிறதாம். முதலாளிக்கு எது பிடிக்கிறதோ அது. கிறிஸ்டினாவுடையது தேறினால், கட்டி முடிக்கும்வரை அவள் இங்கேதான் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம். நம் வீட்டில்.

7.1.2025

ஒன்றரை வருடம் என்றால் ஐந்நூற்று நாற்பத்தேழு நாள்.

13.1.2025, போகி

வேலையில் வாய் சும்மா இருக்கவில்லை. பேத்தி வரைகிற மைதானம் இது என்று சொல்லிவிட்டேன். மற்ற ஏழு பொம்பளைகளும் கோரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கன்னியம்மாவுக்குத்தான் நாக்கு நீளம்.

"மைதானத்த இன்னாக்கா வரையறது? சுண்ணாம்பாலயா?"

"பேப்பர்ல."

"எங்க ஊட்டுக்காரருகூட பொங்கலுக்குப் பொங்கல் கபடிக்குக் கோடு போட்டுக்கினு இருந்தாரு. அவர எந்த நாட்டுக்காரனும் கூப்புடலியே!"

சிரிப்பான சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. சிரிக்கட்டும். அவள் இறங்கி வந்து நின்றால் அப்போது தெரியும்.

19.1.2025, ஞாயிறு

கிறிஸ்டினா படங்கள் அனுப்பினாள். அந்தோணியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒன்று கடலோரம். மரமே கிடையாது. மணல்மேட்டில் தானாகப் புல் முளைத்த மாதிரி, ஒரே மேடும் பள்ளமும். அங்கே உள்ள மணல்குழிகள் ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்து உண்டானவை என்று சொல்வார்களாம். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து மனிதர்களும் வெட்டிக்கொண்டார்களாம். இன்னொன்று சோலைக்குள். நெட்டை மரங்களுக்கு நடுவில் ஓடை போவதுபோலப் புல் போகிறது. மூன்றாவது பாலைவனம். மணலுக்கு நடுவே பச்சைத் திட்டுகள் மட்டும், தீவு தீவாக.

"எல்லாம் ஒரே ஆட்டந்தானா?" என்று கேட்டேன்.

"ஒரே ஆட்டந்தான் ஆயா. கபடிக்கு அளவு கீது. கிரிக்கெட்டுக்குப் பிட்ச் அளவு கீது. இதுக்கு குழியோட வாய் மட்டுந்தான் எல்லா ஊர்லயும் ஒண்ணு. மத்ததெல்லாம் நெலம் இன்னா சொல்லுதோ அதான்."

அவ்வளவு தூரம் போயும் 'கீது' போகவில்லை. 'இன்னா' போகவில்லை. அங்கே யாரிடம் இப்படிப் பேசுவாள்? யாரும் இருக்கமாட்டார்கள். என்னிடம் பேசுவதற்காக வைத்திருக்கிறாள் போல.

படத்தை மறுபடி பார்த்தேன். எனக்கு அந்தக் கடலோரத்து நிலம் பிடிக்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேடு காயும். அந்த ஊரில் நாற்று விடுகிற வழக்கம் இல்லை, அதனால் யாருக்கும் கவலை இல்லை.

2.2.2025, ஞாயிறு

வரைந்து முடித்துவிட்டாளாம். பனைமரம் ஒன்றையும் வெட்டப்போவதில்லை. ஏரிக்கரையைத் தொடப்போவதில்லை. செம்மண் மேடு இருக்கிறபடியே இருக்கும். அந்த இன்னொரு கம்பெனி பதினோரு குளம் வெட்டி, நடுவில் தண்ணீர் பீய்ச்சியடிக்க வைத்து, ஆந்திராவிலிருந்து லாரியில் அலங்காரப் பனை கொண்டுவந்து நடுவார்களாம். பனங்காட்டுக்குள் பனை கொண்டுவருகிறார்கள்!

"செல பேரு தண்டிக்கிற மாதிரி கட்டுவாங்க ஆயா. கொஞ்சம் தப்பா அடிச்சாலும் மணல்குழி, இல்லாட்டி தண்ணி. எனக்கு அது புடிக்காது. நான் எங்கயும் ரெண்டு வழி வெப்பேன். ஒண்ணு கிட்டத்து வழி, ஆனா மணல்குழியத் தாண்டணும். இன்னொண்ணு சுத்து வழி. பயமில்ல, ஒரு அடி அதிகமா அடிக்கணும். எது வேணும்னு அடிக்கறவங்களே பாத்துக்கட்டும்."

அவள் வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நடந்த வரப்புகளில் ஒரே வழிதான். ஆண்டை வீட்டு வாசல் பக்கம் போகாமல், கொல்லைப்புறமாகச் சுற்றிப் போகிற வழி. என் பேத்தி ஊருக்கெல்லாம் இரண்டு வழி வைக்கிறாள்.

இதைக் கன்னியம்மாவிடம் சொன்னால் புரியாது. அவருக்குச் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் போய் ஒன்பது வருடம்.

17.2.2025, திங்கள்

வேலையிடத்தில் பரபரப்பு. முதலாளி இரண்டு கம்பெனியையும் ஆளுக்கு ஒரு கிரீன் மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்லிவிட்டார். கிரீன் என்றால் குழியும் கொடியும் இருக்கிற இடம், ஆட்டத்தின் முடிவு. மண் வேலை மட்டும் காட்டினால் போதும், புல் பிறகு. மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார்.

கிறிஸ்டினாவின் கிரீனுக்குப் பொக்லைன் ஓட்டுகிறவன் ஜெகன், பொதட்டூர்பேட்டைக்காரன். அவளே போனில் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள், அவன் மண்ணைத் தள்ளுகிறான். கைவேலைக்கு எங்கள் எட்டுப் பேரைத்தான் சூப்பர்வைசர் சுப்பிரமணி போட்டிருக்கிறார். கிறிஸ்டினா போனில் வரும்போதெல்லாம் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பனைமரத்துப் பின்னால் போய்விடுகிறேன். பத்தடி தூரத்தில் அவள் குரல். "ஜெகன் அண்ணா, இன்னும் கொஞ்சம் லெப்ட்ல."

என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அங்கே நான் ஊமை.

1.3.2025, சனி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஜெகன் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று நேற்றே ஊருக்குப் போய்விட்டான். சுப்பிரமணி கலெக்டர் ஆபீசில் ஏதோ கையெழுத்து என்று திருவள்ளூர் போய்விட்டார். போகும்போது, "கல்லப் பொறுக்கிட்டு, தண்ணி தெளிச்சி வெச்சிடுங்க. நாளைக்குப் பெரியவர் வராரு," என்றார்.

போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் குவித்த மண்ணைக் கடைசியில் இழுத்துச் சமம் செய்வான் என்று நினைத்திருந்தேன், செய்யவில்லை. நடுவில் ஒரு மேடு, முழங்கால் உயரம். பின்பக்கம் ஒரு பள்ளம். இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் புடைப்பு. விசேஷத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான்! நாளைக்கு முதலாளி வந்து பார்த்தால் யார் பேர் கெடும்? ஜெகன் பேரா? வரைந்தவள் பேர்.

நாற்றங்காலில் ஒரு சாண் மேடு இருந்தால் அந்த இடத்து நாற்று காயும். ஒரு சாண் பள்ளம் இருந்தால் அழுகும். ஆண்டை வரப்பில் நின்றுகொண்டு எங்கள் அம்மாவை, பாட்டியை எல்லாம் சேர்த்துத் திட்டுவார். நான் சமம் செய்த நாற்றங்காலில் ஒரு நாளும் யாரும் வாய் திறந்ததில்லை. என் வீட்டுக்காரர் பலகை இழுத்துப் பரம்படித்தால்கூட, கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "கண்ணால ஒரு வாட்டி பாத்துடு," என்பார்.

கன்னியம்மாவிடம் சொன்னேன். "மூணு மணிக்குள்ள முடிச்சிடலாம். மண்வெட்டி எடு."

"சுப்பிரமணி கல்லுதானே பொறுக்கச் சொன்னாரு?"

"அவரு ஆபீசு பாத்தவரு. சேத்த பாத்தவரா?"

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டோம். சவுக்குப் பலகையில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்தோம், நான் மேலே உட்கார்ந்துகொண்டேன் எடைக்கு. அறுபத்தேழு வயதில்! பொம்பளைகள் சிரித்துச் சிரித்து இழுத்தார்கள். குடத்துத் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். எந்தப் பக்கமும் ஓடவில்லை. அப்படியே வட்டமாக நின்று, அப்படியே இறங்கியது.

சமத்தில் நெல் அடிக்கிற களமே தோற்றது. முட்டி விண்விண் என்கிறது, போகட்டும். இதை நான்தான் செய்தேன் என்று ஒரு நாள் அவளிடம் சொல்வேன். இங்கே வந்து சேரட்டும் முதலில்.

2.3.2025, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. இந்நேரம் வந்திருப்பார்கள். இந்நேரம் பார்த்திருப்பார்கள்.

3.3.2025, திங்கள்

போன் வந்தது. முகம் காட்டவில்லை, குரல் மட்டும்.

"ஆயா, எல்லாம் போச்சி. யாரோ என் கிரீன இடிச்சி மட்டமாக்கிட்டாங்க. ரெண்டு வாரமா ஜெகன் அண்ணாவும் நானும் இஞ்ச் இஞ்சா போட்ட மேடு. பந்து எங்க திரும்பணும், எங்க நிக்கணும்னு… அதான் ஆயா என் டிராயிங்கே. அந்த மேடுபள்ளந்தான். பெரியவரு வந்து பாத்துட்டு, 'இது இன்னா, ஷட்டில் ஆடற எடமா'ன்னு கேட்டாராம்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆயா? கேக்குதா?"

கேக்குது கண்ணு என்றேன்.

ஜெகன் குடித்துவிட்டு இடித்துவிட்டான் என்று சுப்பிரமணி அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவன் இல்லை இல்லை என்றானாம். யார் கேட்பார்கள்?

4.3.2025

சோறு இறங்கவில்லை.

5.3.2025, சாம்பல் புதன்

சாமியார் நெற்றியில் சாம்பல் வைத்தார். அங்கிருந்து நேராக வேலையிடத்துக்குப் போனேன். சுப்பிரமணி டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "ஜெகன் இல்ல. நான்தான். மத்தவங்க நான் சொன்னதச் செஞ்சாங்க, அவ்ளோதான்." அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா ஆயா, பெரிய பேஜாராப் பண்ணிட்டியே," என்றார். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். போன் போட்டு ஜெகனை வரச் சொன்னார்.

சாயங்காலம் கிறிஸ்டினாவுக்கு நானே போட்டேன். எப்போதும் அவள்தான் போடுவாள். எடுத்ததும், "ஆயா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அங்கே மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாத்தையுமா ஆயா?"

"எல்லாத்தையும்."

"தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"பாத்தேன். ஓடல."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "வேலைய உட்டுட்டேன்னு சொன்னியே ஆயா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொன்னியே."

கிரீனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்துவிட்டாள்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: எதுக்குடி ஹெலன் உனக்கு அந்தப் பெரும? எவ கேட்டா உன்ன மட்டம் பாக்கச் சொல்லி? பொய் சொல்லாம இருந்திருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பேனே — கண்ணு, இந்த மேடு வேணுமா வேணாமான்னு. வாயத் தொறந்து கேக்க முடியாம பொய்தான் குறுக்க நின்னுது.

8.3.2025, சனி

அவள் வருகிறாள்.

முதலாளியிடம் மன்றாடி இன்னொரு தவணை வாங்கியிருக்கிறாள், மார்ச் இருபத்து மூன்று. போனில் பார்த்துச் செய்ய முடியாது, நேரில் நின்றுதான் செய்ய வேண்டும் என்று அவள் கம்பெனி அனுப்புகிறது. நான் கெடுத்ததால் வருகிறாள். சந்தோஷப்படலாமா? பட்டுவிட்டேன். மாதாவே மன்னித்துக்கொள்.

12.3.2025, புதன்

வந்துவிட்டாள். கட்டிக்கொண்டாள். சோப்பு வாசனை வேறாக இருக்கிறது. நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு, தட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். தட்டை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடத்தில் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது.

என் மேல் கோபம் இருக்கிறது. காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

14.3.2025, வெள்ளி

பூட்ஸ் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு வேலையிடத்தில் இறங்கினாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுப்பிரமணி "மேடம்" என்றார். கன்னியம்மா என் காதில், "சுண்ணாம்பு எங்கக்கா?" என்றாள். கிள்ளினேன்.

கிறிஸ்டினா முதலில் ஜெகனிடம் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. நானும் போய் நின்றேன்.

"உடு ஆயா," என்றான் ஜெகன். "ஊர்ல இன்னும் ரெண்டு நாள் இருந்து பிரியாணி துன்னேன். உன்னாலதான்."

பிறகு அவள் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டாள். வேறு ஆள் போடச் சொல்வாள் என்று நினைத்தேன். "இவ்ளோ கரெக்டா மட்டம் பண்ணவங்களாலதான் மேட்டயும் கரெக்டா பண்ண முடியும். நீங்களே செய்ங்க," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

17.3.2025, திங்கள்

கை கேட்க மாட்டேன் என்கிறது. சரிவில் பலகையை வைத்தாலே தானாகச் சமத்துக்கு இழுக்கிறது. தூரத்தில் நின்றபடியே கத்துகிறாள்: "ஆயா, கை! கை!" ஐம்பது வருடப் பழக்கத்தை மூன்று நாளில் விடச் சொன்னால்?

காலை ஐந்தரைக்கு என்னோடு கிளம்புகிறாள், விளக்கு வைத்த பிறகு வருகிறாள். நாஷ்டா நின்றபடியே. வந்ததும் லேப்டாப். என் வீட்டுக்குள்தான் இருக்கிறாள், நான் அவளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் அங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முழுசாக எனக்குக் கிடைத்தது.

20.3.2025, வியாழன்

முடிந்தது. உருளையால் மண்ணை இறுக்கியாகிவிட்டது. கிறிஸ்டினா பையிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து, குனிந்து கையாலேயே உருட்டினாள். குழி இந்தப் பக்கம் இருக்கிறது, அவள் அந்தப் பக்கம் உருட்டுகிறாள்! பந்து மேட்டில் ஏறி, தயங்கி, திரும்பி, சரிவில் இறங்கி, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து குழிக்குள் விழுந்தது.

"அட பாவமே!" என்றாள் கன்னியம்மா. "குடிச்சிட்டு வர்ற எங்க ஆளு மாதிரி ஊரெல்லாம் சுத்திட்டு, கரெக்டா வாசல்ல வந்து வுழுதே!"

கிறிஸ்டினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வந்து எட்டு நாளில் முதல் சிரிப்பு. சிறுசில் சிரிக்கிற அதே சிரிப்பு, மூக்கு சுருங்கும்.

பந்தை என் கையில் கொடுத்தாள். "நீ இன்னொரு வழி கண்டுபுடி ஆயா."

நான் நிலத்தைப் பார்த்தேன். நாற்றங்காலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன், ஆனால் தண்ணீர் நிற்கிற இடத்தைத் தேடவில்லை, ஓடுகிற இடத்தைத் தேடினேன். வலது சரிவில் மெதுவாக விட்டேன். விழவில்லை. ஒரு சாண் தள்ளி நின்றது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள். என் கையைப் பிடித்துக் காட்டினாள். கோபம் போய்விட்டது போல. கேட்கவில்லை.

23.3.2025, ஞாயிறு

முதலாளி வந்தார். வேலி ஓரம் நின்று பார்த்தோம். வெள்ளை ஷூ. பந்தை உருட்டச் சொன்னார், பார்த்தார், தலையாட்டினார். பிறகு சொன்னது எனக்கே கேட்டது.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா வெளிநாட்டு ஆபீசருங்க வர்ற எடம். பாத்தவொடனே கிளீனா தெரியணும். இந்தப் பன, முள்ளு எல்லாம் வேற… கொஞ்சம் காடு மாதிரி இல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

25.3.2025, செவ்வாய்

போய்விட்டாள். கார் திரும்புகிறவரை கையை ஆட்டினாள். தேறினால் மே மாதம் வருவேன் என்றாள்.

போர்வையை மடிக்கவில்லை.

24.4.2025, வியாழன்

அந்தக் குளத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்டினாவே போன் போட்டுச் சொன்னாள், நான் வேறு யார் வாயிலும் கேட்கக்கூடாது என்று.

"என்னாலதான கண்ணு? நான் அன்னிக்கு மட்டம் பண்ணாம இருந்திருந்தா…"

"இல்ல ஆயா. அவருக்கு மொதல்லருந்தே ஃபவுண்டன் மேலதான் ஆச. நீ பண்ணலேன்னாலும் அதான் ஆகியிருக்கும்."

உண்மையா, எனக்காகச் சொன்னாளா? நான் ஐந்து மாதம் பொய் சொன்னவள். பொய்யின் குரல் எனக்குத் தெரியும். ஆனால் இவள் குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது வியட்நாமில் ஒரு வேலையாம், இரண்டு வருடம்.

4.5.2025, ஞாயிறு

ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தேன். இன்று போனில் சொல்லிவிட்டேன்: "நாளைலருந்து வேலைக்குப் போறேன். பொய் சொல்லமாட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ."

"முட்டிக்கு பெல்ட்டு போட்டுக்கினு போ," என்றாள். அவ்வளவுதான்.

16.6.2025, திங்கள்

ஆந்திராவிலிருந்து லாரி லாரியாகப் பனை வந்து இறங்குகிறது. ஒல்லியாக, வழவழவென்று, சாக்குக் கட்டி. நம் பனையில் முப்பத்தொன்றை வெட்டிவிட்டார்கள். வெட்டியதை எண்ணிக்கொண்டே வந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

2.7.2025, புதன்

கிறிஸ்டினாவின் கிரீன் இருந்த இடத்தில் மூன்றாவது குளம் வருகிறது. ஜெகன்தான் பொக்லைனில் இருந்தான். இரண்டு மணி நேர வேலை. முடித்துவிட்டு இறங்கி வந்து என்னிடம் தண்ணீர் கேட்டான். சொம்பு காலியாகிறவரை குடித்தான்.

10.8.2025, ஞாயிறு

வியட்நாமில் கடலோரத்து நிலம் என்று படம் அனுப்பினாள். நல்ல நிலம். இடதுபக்கம் ஒரு முதுகு எழும்பி இறங்குகிறது. "அத வெட்டிடாத," என்றேன். "எத ஆயா?" என்று கேட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு தேதி சொல்வாள். பிறகு அந்தத் தேதி தள்ளிப்போகும்.

11.9.2025, வியாழன்

ஏழாவது குழிக்குப் போகிற வழியில் புல் விரிக்கிறோம். எங்கும் பாய் விரித்த மாதிரி சமம். நாங்கள்தான் செய்தோம், குறை சொல்ல முடியாது. வழியின் இடதுபக்கம் மட்டும் ஒரு மேடு. யாரும் போட்டதில்லை, நிலத்தோடு பிறந்தது. அடித்த பந்து அதில் பட்டால் சோம்பலாக வலப்பக்கம் திரும்பிக் கொடியிடம் போகும். குளத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது ஒரு வழி. நான் கண்ணாலேயே பத்துத் தடவை உருட்டிப் பார்த்துவிட்டேன்.

புது இன்ஜினியர் வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. "அம்மா, அந்த மேட்டையும் எடுத்துடுங்க. நாளைக்கு அங்க புல் வருது," என்றார்.

"அடியில பாற கீது சார்," என்றேன்.

கன்னியம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமா சார். பெரிய பாற. போன வாட்டி கடப்பாரையே வளஞ்சிடிச்சி."

அவர் பேப்பரில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சரி, மேலேயே புல்லை விரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாறை எல்லாம் ஒன்றும் கிடையாது. வெறும் செம்மண். நான் ஒருத்தியே அரை நாளில் சமமாக்கிவிடுவேன்.

சாயங்காலம் கிறிஸ்டினா பேசினாள். இதைச் சொல்லவில்லை. வந்து நடக்கும்போது அவள் காலுக்கே தெரியட்டும்.